எபிசோட் 41: வலிக்காத கட்டி, மிச்சமான ஒரு வரி

இந்த எபிசோட் ஒரு மீட்டிங்ல ஆரம்பிச்சது.

2023 செப்டம்பர் 5, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவில் லேபர் டே லீவு முடிந்து கிளையன்ட் டீம் வேலைக்குத் திரும்பிய நாள். வழக்கமா முதல் ரெண்டு நிமிஷம் வீக்கெண்ட் கதை ஓடும். அன்னைக்கு அந்தப் பக்கம் இருந்த மேனேஜர் குரலே சரியில்லை. "பஃபெட் போயிட்டார்"னு சொன்னார். நான் மியூட்ல இருந்தபடியே அவசர அவசரமா ஷேர் மார்க்கெட் ஆப்பைத் திறந்து பார்த்தேன். வாரன் பஃபெட்னு நினைச்சுட்டேன். அவர் சொன்னது ஜிம்மி பஃபெட், பாடகர். 1977-ல் வந்த 'மார்கரிட்டாவில்' பாட்டுக்காரர். செப்டம்பர் 1 அன்று 76 வயதில் இறந்திருக்கிறார். நாலு வருஷமா மெர்க்கல் செல் தோல் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார் என்று அவருடைய இணையதளத்திலேயே போட்டிருந்தார்கள்.

தோல் புற்றுநோய்னா எனக்குத் தெரிஞ்சது மெலனோமா மட்டும்தான். இந்த மெர்க்கல் யாரு? ஜெர்மனி அதிபரா? அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சு, மூணு மணி வரைக்கும் தூங்கலை. நோய் பயங்கரமானது, அது உண்மை. ஆனா என்னைத் தூங்கவிடாம பண்ணினது வேற ஒரு விஷயம். இந்த நோயோட காரணத்தைக் கண்டுபிடிச்ச விதம், நாம தினமும் லாக் ஃபைல்ல பண்ற வேலை. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பேருலருந்து ஆரம்பிப்போம்.

ஃப்ரீட்ரிக் மெர்க்கல் ஒரு ஜெர்மானிய உடற்கூற்றியல் பேராசிரியர். 1845-ல் நியூரம்பர்க்கில் பிறந்தவர். 1875-ல் வீட்டு விலங்குகளின் தோலையும் மனிதத் தோலையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். தோலின் மேலடுக்கின் அடியில், நரம்பு முனைகளை ஒட்டி, வெளிறின நிறத்தில் சில செல்கள் இருப்பதைக் கவனித்தார். இதெல்லாம் தொடு உணர்ச்சிக்கான செல்களாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து 'தொடு செல்கள்' என்றே பெயர் வைத்தார். அவர் ஊகம் சரி என்பது பல பத்தாண்டுகள் கழித்து உறுதியானது. சட்டைத் துணி மெல்லிசா முதுகில் உரசும்போது உங்களுக்குத் தெரியுதே, அந்த வேலையில் இந்தச் செல்களுக்குப் பங்கு இருக்கு. மெர்க்கலுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. அவர் 1919-ல் இறந்தபோது இப்படி ஒரு நோய் தன் பேரில் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்த சீன் அமெரிக்கா, 1972. சைரில் டோக்கர் என்கிற பேத்தாலஜிஸ்ட். பேத்தாலஜிஸ்ட் வேலையை நம்ம ஆளுங்க பலர் சரியா புரிஞ்சுக்கிறதில்லை. ஆபரேஷன் பண்ற டாக்டர் ஹீரோ, மருந்து எழுதுற டாக்டர் இன்னொரு ஹீரோ. ஆனா வெட்டி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசா சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடி ஸ்லைடில் பார்த்து "இது இன்ன நோய்"னு சொல்றவர் இவர். இவர் வைக்கிற பேரை வைத்துத்தான் மற்ற எல்லாமே நடக்கும். பேர் தப்பானா மருந்தும் தப்பும்.

டோக்கர் கையில் ஐந்து நோயாளிகளின் ஸ்லைடுகள் இருந்தன. தோலின் உள்ளடுக்கில் உட்கார்ந்திருந்த கட்டிகள். செல்கள் ஒன்றோடொன்று கோத்து, உத்தரம் போட்ட மாதிரி வரிவரியாக நின்றிருந்தன. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஸ்லைடு வந்தா லிம்போமாவோ, உள்ளே எங்கோ ஆரம்பித்துத் தோலுக்குப் பரவிய புற்றுநோயோ என்று ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். டோக்கர், இது எந்தப் பெட்டியிலும் அடங்கலை, இது தனி என்றார். உத்தரம் மாதிரி இருந்ததால் 'டிரபெக்குலர் கார்சினோமா' என்று பெயரிட்டார். வியர்வைச் சுரப்பியிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவருடைய முதல் ஊகம்.

ஊகம் தப்பு. ஆனா தப்புன்னு காட்டினவரும் அவரேதான், அதுதான் எனக்கு இந்த மனுஷனைப் பிடிச்சுப்போன காரணம். 1978-ல் டாங் என்கிற சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து அதே வகைக் கட்டிகளை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செல்களுக்குள் கருத்த மையம் கொண்ட குட்டிக் குட்டி உருண்டைகள் தெரிந்தன. ஆரோக்கியமான தோலில் அப்படி உருண்டைகள் வைத்திருப்பது மெர்க்கலின் அந்தத் தொடு செல்கள்தான். ஆக வியர்வைச் சுரப்பி கிடையாது, மெர்க்கல் செல்லிலிருந்து வந்திருக்க வேண்டும். 1980 வாக்கில் 'மெர்க்கல் செல் கார்சினோமா' என்ற பேர் புழக்கத்துக்கு வந்தது. இதுல ஒரு காமெடி: அந்த உத்தர வடிவம் இந்தக் கட்டிகளில் சிறுபான்மைதான்னு பின்னாடி தெரிஞ்சது. டோக்கர் பார்த்த சாம்பிள்ல அது தூக்கலா இருந்திருக்கு. சின்ன டேட்டாசெட்டை வெச்சு வேரியபிளுக்குப் பேர் வைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் இல்லை.

ஓகே, பேர் கிடைச்சாச்சு. கண்டுபிடிக்கிறது சுலபமாச்சா? இல்லை.

வழக்கமான சாயத்தில் பார்த்தால் இந்த நோய் வெறும் நீல உருண்டைகளின் கூட்டம். நுரையீரலில் வரும் ஒரு வகைப் புற்றுநோய், ஸ்மால் செல் கார்சினோமா என்பார்கள், அதுவும் அச்சு அசல் அப்படியே இருக்கும். லிம்போமாவும் ஏறக்குறைய அப்படித்தான். யோசிச்சுப் பாருங்க. நோயாளியின் கன்னத்தில் ஒரு கட்டி. அது கன்னத்திலேயே பிறந்ததா, நுரையீரலில் பிறந்து கன்னத்துக்கு வந்ததா? ரெண்டுக்கும் சிகிச்சை வேற வேற. ஆனா ஸ்லைடு ஒரே மாதிரி.

இதை உடைச்சது ஒரு புள்ளி. செல்லுக்குள் கெரட்டின் என்கிற புரத நார்கள் உண்டு, அதில் நிறைய வகை. ஜெர்மனியில் ரோலண்ட் மோல் குழுவினர் 1992-ல் பலவகைப் புற்றுநோய்களில் சிகே-20 என்கிற கெரட்டினைத் தேடிப் பார்த்தார்கள். மெர்க்கல் கட்டிகளில் அது இருந்தது, அதுவும் பெரும்பாலும் செல் முழுக்கப் பரவாமல் உட்கருவுக்குப் பக்கத்தில் ஒரே புள்ளியாகத் திரண்டு நின்றது. வெற்றிலையில் சுண்ணாம்புப் பொட்டு வெச்ச மாதிரின்னு சொல்லலாம். நுரையீரல் கட்டியில் பொதுவாக சிகே-20 இருக்காது, டிடிஎஃப்-1 என்கிற வேற ஒரு புரதம் இருக்கும். ஆக முதலாவது இருந்து ரெண்டாவது இல்லைன்னா மெர்க்கல். நூற்றுக்கு நூறு இந்தக் கணக்கு வேலை செய்யாது, விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் ரெண்டு வரி இஃப் கண்டிஷன்ல எத்தனை பேர் தலையெழுத்து மாறியிருக்கு பாருங்க.

ஆனா இதெல்லாம் எப்ப? கட்டியை யாராவது வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பின பிறகு. அனுப்பணும்னு தோணணுமே. இந்த நோயின் நிஜமான ஆபத்து அங்கதான் இருக்கு.

இங்க என் தாத்தா கதையைக் கொஞ்சம் சொல்றேன். கோவில்பட்டிப் பக்கம். பின்கழுத்தில் ஒரு கட்டி, நெல்லிக்காய் சைஸ். அம்மா ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் "அப்பா, டாக்டர்ட்ட ஒருதடவ காட்டிருவோமே"ன்னு கெஞ்சுவாங்க. தாத்தா அதுக்கு வெச்சிருந்த பதில் ஒண்ணுதான்: "வலிக்குதா? இல்லல்ல? அது பாட்டுக்கு அது இருக்கு, நான் பாட்டுக்கு நான் இருக்கேன். விடு தாயி." ரெண்டு வருஷம் அப்படியே ஓடுச்சு. கடைசியில் காட்டினபோது கொழுப்புக் கட்டிதான்னு டாக்டர் சொன்னார். எல்லாரும் சிரிச்சோம், தாத்தாதான் ஜெயிச்சார். பல வருஷம் கழிச்சு, அந்த ராத்திரி மூணு மணிக்கு ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படிச்சப்போ எனக்கு அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துச்சு.

அந்தக் கட்டுரை 2008-ல் வந்தது. பால் நியெம் என்கிற தோல் மருத்துவரின் குழு 195 மெர்க்கல் நோயாளிகளின் குறிப்புகளை அலசியது. இவர்களுக்கு முதன்முதலில் கட்டி எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. 88 சதவீதம் பேருக்கு வலி, தொட்டால் நோவு எதுவும் இல்லை. 63 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் வேகமாக வளர்ந்திருக்கிறது. 90 சதவீதம் பேர் 50 வயதைத் தாண்டியவர்கள். 81 சதவீதம் பேருக்கு வெயில் படும் இடத்தில் வந்திருக்கிறது. சிலருக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைந்திருந்தது. இதில் மூன்று அம்சங்களாவது சேர்ந்து இருந்தவர்கள் 89 சதவீதம்.

இன்னொரு எண்தான் என்னை உலுக்கியது. பயாப்ஸி எடுக்கும்போது டாக்டர் மனசில் என்ன நினைத்திருந்தார் என்றும் பார்த்திருக்கிறார்கள். 56 சதவீதக் கட்டிகளை "ஒண்ணும் இருக்காது" வகை என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அதிகமாக எழுதியிருந்தது நீர்க்கட்டி, பரு மாதிரியான விஷயங்கள். டாக்டர்களைத் திட்டுறதுக்காக இதைச் சொல்லலை. ஒரு தோல் மருத்துவர் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான நீர்க்கட்டிகளைப் பார்த்திருப்பார். மெர்க்கல் ஒன்றோ இரண்டோ, பார்க்காமலேயே ரிட்டயர் ஆனாலும் ஆகலாம். அமெரிக்கா முழுக்கவே 2013-ல் சுமார் 2,500 பேருக்குத்தான் வந்தது. ஆனால் வந்தவர்களில் இறப்பு விகிதம் மெலனோமாவைவிட அதிகம். சீக்கிரமே நிணநீர் முடிச்சுக்குப் போய்விடும். சிலருக்கு அக்குளில் நெறி கட்டின பிறகுதான் விஷயமே தெரியவரும். வலிக்கலைன்னா ஒண்ணுமில்லைன்னு தாத்தா போட்ட கணக்கு இங்க அப்படியே தலைகீழ். வலிக்காம, சிவந்தோ ஊதா நிறத்திலோ, வாராவாரம் பெருசாகுது. அதுதான் பயப்பட வேண்டிய கட்டி.

(ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். இது பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களுக்கு வரும் நோய். உங்க கையில இருக்கிற பருவை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பாதீங்க. நான் எழுதுறது ஏபிஐ, மருந்துச் சீட்டு இல்லை.)

இப்ப லாக் ஃபைல் கதை.

2002-ல் எரிக் எங்கல்ஸ் என்பவரும் சகாக்களும் அமெரிக்காவின் எய்ட்ஸ் பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் ஜாயின் செய்து பார்த்தார்கள். எய்ட்ஸ் வந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் மெர்க்கல் நோயாளிகள் வெறும் ஆறு பேர். ஆறுதானேன்னு விட்டிருக்கலாம். ஆனா பொது மக்களோடு ஒப்பிட்டால் அது சுமார் 13 மடங்கு. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஒரு புற்றுநோய் எகிறுகிறது என்றால் பின்னணியில் கிருமி ஏதாவது இருக்கலாம் என்பது ஒரு பழைய துப்பு.

இந்தத் துப்பை வைத்து ஏற்கெனவே ஒருமுறை ஜெயித்தவர்கள் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதி. 1872-ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி விவரித்த ஒரு தோல் கட்டி நோய், எய்ட்ஸ் காலத்தில் திடீரென்று பெருகியது. 1994-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவர்கள் ஒரே நோயாளியின் கட்டியிலிருந்து டிஎன்ஏ, ஆரோக்கியமான சதையிலிருந்து டிஎன்ஏ, ரெண்டையும் எடுத்து, பொதுவானதை எல்லாம் ரசாயன முறையில் கழித்தார்கள். மிஞ்சியது ஒரு புது ஹெர்பிஸ் வைரஸ். டெஸ்ட் டியூப்ல ஓட்டின டிஃப் கமாண்ட்.

பிறகு இவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். 2003-ல் மனித ஜீனோம் திட்டம் முடிந்திருந்தது. வரிசைகளை மொத்தமாகப் படிக்கிற இயந்திரங்களும் வந்துவிட்டன. அவர்களுடைய ஆய்வகத்தில் இருந்த ஹூய்சென் ஃபெங் செய்து பார்த்த யோசனை: டெஸ்ட் டியூப் எதுக்கு, கழித்தலைக் கம்ப்யூட்டரில் செய்யலாமே? கட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்என்ஏ செய்திகளை எல்லாம் படி. மனித ஜீனோமோடு பொருந்துகிற ஒவ்வொரு வரியையும் தூக்கிப் போடு. மிச்சம் என்ன?

கிரெப் மைனஸ் வி. அவ்வளவுதான் பாஸ்! புரொடக்‌ஷன் சர்வர் படுத்துக்கிட்ட ராத்திரியில, தெரிஞ்ச லாக் வரிகளை எல்லாம் வடிகட்டிட்டு, தெரியாத ஒரு வரி நிக்குதான்னு பார்ப்போமே, அதே வேலை.

நான்கு மெர்க்கல் கட்டிகளை எடுத்தார்கள். தரமாகப் படிக்க முடிந்த வரிசைகள் 3,82,747. அதில் 99.4 சதவீதம் மனித வரிசைகளோடு பொருந்தின, கழிக்கப்பட்டன. மிச்சம் 2,395. அதையும் தெரிந்த வைரஸ்களோடு ஒப்பிட்டபோது ஒரே ஒரு துண்டு மின்னியது. குரங்கிலும் மனிதரிலும் ஏற்கெனவே தெரிந்த பாலியோமா வைரஸ்களின் புரதத்துக்கு அது சொந்தக்காரன் மாதிரி இருந்தது, ஆனால் அவை எதுவும் அல்ல. கிட்டத்தட்ட நாலு லட்சத்தில் ஒரு வரி. அந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்து முழு வைரஸையும் வெளியே கொண்டுவந்தார்கள். 2008 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் ஃபெங், ஷுடா, சாங், மூர் நால்வர் பேரில் கட்டுரை வந்தது.

நாம எல்லாருமே லாக்ல ஏதோ ஒரு மர்ம வரியைப் பார்த்துக் குதிச்சு, கடைசியில் அது சம்பந்தமே இல்லாத குப்பைன்னு அசிங்கப்பட்டிருப்போம். வைரஸ் அங்க இருக்கிறதாலேயே அதுதான் குற்றவாளின்னு ஆயிடாது. அவர்களுக்கும் அது தெரியும். சோதித்த பத்துக் கட்டிகளில் எட்டில் வைரஸ் இருந்தது. வேறு சதைகளில் மிகக் குறைவு. அடுத்ததுதான் முக்கியம். அந்த எட்டில் ஆறில் வைரஸ் மனித டிஎன்ஏவுக்குள்ளேயே சொருகிக்கொண்டிருந்தது, ஒரே கட்டியின் செல்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். கிட் தெரிஞ்சவங்களுக்கு உடனே புரியும். எல்லா ஃபோர்க்லயும் அதே ஃபைல்ல அதே வரியில் ஒரு மாற்றம் இருந்தா, ஃபோர்க் பிரியறதுக்கு முன்னாடியே அது கமிட் ஆகியிருக்கு. அதாவது கட்டி வளர்ந்த பிறகு வைரஸ் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. வைரஸ் புகுந்த ஒரு செல்லிலிருந்து அந்தக் கட்டியே வந்திருக்கிறது.

அப்புறம் தெரிந்த விஷயம் இன்னும் விசித்திரம். இந்த வைரஸ் உலகத்தில் பெரும்பாலான பெரியவர்களைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆரோக்கியமான தோலிலேயே குடியிருக்கும். இதைக் கேட்கிற உங்களில் பலர் மேலயும் இப்ப இருக்கலாம், ஒண்ணும் செய்யாது. புற்றுநோய் வர ரெண்டு விபத்து நடக்கணும். ஒண்ணு, வைரஸ் டிஎன்ஏ நம்ம டிஎன்ஏவுக்குள் தப்பா ஒட்டணும். ரெண்டு, அதோட முக்கியமான ஒரு புரதம் பாதியில் வெட்டுப்படணும். வெட்டுப்பட்ட அந்தப் புரதத்தால் வைரஸைப் பிரதி எடுக்க முடியாது. ஆனால் செல் பிரிவதைத் தடுக்கும் பிரேக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது. வைரஸுக்கு இதில் பைசா லாபம் கிடையாது. அதுவும் அந்தச் செல்லுக்குள்ளேயே முடிந்துபோகிறது.

எல்லாக் கட்டிகளுக்கும் இந்த வைரஸ் காரணம் இல்லை என்பதையும் சொல்லணும். வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மெர்க்கல் கட்டிகளில் வைரஸே கிடையாது; புற ஊதாக் கதிர் கிழித்துப்போட்ட டிஎன்ஏதான் அங்கே காரணம். ரெண்டு வேற வேற வழி, ஒரே இடத்தில் போய் முடியுது. ஏன் அப்படி என்று இன்னும் வாதம் நடக்கிறது.

வைரஸைக் கண்டுபிடிச்சதால நோயாளிக்கு என்ன லாபம்? ஒண்ணு, ரத்தப் பரிசோதனை. வைரஸ் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு, சிகிச்சைக்குப் பின் அந்த அளவு குறைந்து மறுபடி ஏறினால் நோய் திரும்புகிறதோ என்று முன்கூட்டியே தேடலாம். இன்னொண்ணு, எதிர்ப்பு சக்திக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு உறுதியானதால், அந்தச் சக்தியைக் கட்டவிழ்த்துவிடும் மருந்துகளை இதில் சோதிக்கத் தைரியம் வந்தது. 2016-ல் நியெம் குழு 26 நோயாளிகளுக்கு பெம்ப்ரோலிசுமாப் கொடுத்ததில் பாதிக்கு மேற்பட்டோரின் கட்டி சுருங்கியது. 2017 மார்ச்சில் அவெலுமாப், பரவிய மெர்க்கல் நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்து. அதுவரை வழக்கமான கீமோதான். கட்டி கரையும், சில மாதத்தில் திரும்பி வரும். புது மருந்தும் எல்லாருக்கும் வேலை செய்வதில்லை. வேலை செய்தவர்களில் பலருக்கு அது நீடிக்கிறது.

பேர்க் குழப்பம் இன்னும் ஒண்ணு பாக்கி. பெம்ப்ரோலிசுமாப் தயாரிப்பது அமெரிக்காவின் மெர்க். அவெலுமாப் ஜெர்மனியின் மெர்க் கண்டுபிடித்தது. ஒரே குடும்பக் கம்பெனி, முதல் உலகப் போர் சமயத்தில் ரெண்டாகப் பிரிந்தது. மெர்க்கலுக்கும் இந்த ரெண்டு மெர்க்குக்கும் எந்த உறவும் இல்லை. நான் இதை உறுதி செய்துகொள்ளவே அரை மணி நேரம் ஆச்சு.

கடைசியா ஒரு விஷயம். மெர்க்கல் செல் தோலின் மேலடுக்கில் இருக்கிறது, அது பிரிந்து பெருகுவதும் இல்லை. ஆனால் இந்தக் கட்டி பெரும்பாலும் உள்ளடுக்கில், மேலடுக்கைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் இது மெர்க்கல் செல்லிலிருந்துதான் வருகிறதா என்பதிலேயே இப்போது ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம். தோலின் ஸ்டெம் செல் என்கிறார்கள் சிலர், ரத்தத்தின் பி செல்லாகும் முன்னிலைச் செல் என்கிறார்கள் வேறு சிலர். டோக்கர் வைத்த முதல் பேர் போல இந்த ரெண்டாவது பேரும் ஒருநாள் மாறலாம்.

அந்தக் கிளையன்ட் மேனேஜர்கிட்ட மட்டும், நான் வாரன் பஃபெட்னு நினைச்சதை இன்னும் சொல்லலை. அடுத்த வாரம் பார்ப்போம்.